மனசுல ஏதாவது இருக்கா?

என் மனைவி மரம் ஏறுகிறவள். இதைச் சொன்னதும் கேட்பவர்கள் அவளை விட்டுவிட்டு என்னைத்தான் பார்ப்பார்கள். அப்போ நீங்க என்ன செய்றீங்க என்ற கேள்வி அவர்கள் நாக்கு நுனியில் வந்து நிற்கும். நான் கீழே நின்று கயிறு பிடிக்கிறேன். அதில் எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. குறைச்சல் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் வந்து, அரை டன் கிளை தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கயிற்றைப் பிடித்துப் பார்க்கட்டும். பிறகு பேசலாம்.

தெருவில் அவளுக்கு மரத்தக்கா என்று பெயர். மரம் வெட்டுகிறவள் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். வெட்டிச் சாய்க்க யாராலும் முடியும். இவள் செய்வது மரத்துக்கு வைத்தியம். கூரைமேல் சாய்ந்த கிளை, மின்கம்பியை உரசும் கிளை, காற்றில் பாதி முறிந்து தொங்கும் கிளை என்று எது ஆபத்தோ அதை மட்டும் எடுப்பாள். கிளை தண்டோடு சேரும் இடத்தில் ஒரு தடித்த வளையம் இருக்கும். அதற்கு வெளியே வெட்டினால் மரம் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும். ஒரு விரல் உள்ளே தள்ளி வெட்டினால் அழுகிவிடும். இருபது மீட்டர் உயரத்தில், கையில் உறுமுகிற ரம்பத்தோடு, அந்த ஒரு விரலை அவள் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

எங்கள் கல்யாணத்தின்போது அவள் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்திக்கொண்டிருந்தாள். ஒரு மழைக்காலத்தில் கடைக்கு எதிரே இருந்த மரத்தை நான்கு நாள் ஒருவர் கயிறு கட்டி ஏறிச் சீர்செய்தாராம். நான்கு நாளும் இவள் ஜன்னலைவிட்டு நகரவில்லை. கிட்டப்பார்வை ஆளுக்குத் தூரப்பார்வைக் கண்ணாடியைப் பொருத்திக் கொடுத்துவிட்டாள். ஐந்தாம் நாள் வேலையை விட்டாள். ஒரு மரப் பராமரிப்புக் கம்பெனியில் ஒரு வருஷம் கிளை சுமந்து, அடுத்த வருஷம் ஏறத் தொடங்கிவிட்டாள். என் மாமியார் மட்டும் இன்றுவரை, நான் பொண்ணைப் பெத்தேன், அணிலைப் பெக்கலையே என்று வருகிறவர்கள் எல்லாரிடமும் முறையிடுகிறார்.

நான் பதினோரு வருஷம் லிஃப்ட் ஓட்டியவன். ஒன்பது மாடிக் கட்டடத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை மேலே போய் வந்தும், மேலேயிருந்து ஒரு தடவைகூட வெளியே எட்டிப் பார்த்ததில்லை. உயரம் என்றாலே எனக்குக் கால் கூசும். அந்தக் கட்டடத்தில் தானாக ஓடும் லிஃப்ட் வந்து எனக்கு வேலை போனதும், "கீழ நிக்கிறதுக்கு ஆள் வேணும், வர்றியா?" என்று அவள் கேட்டாள். கீழே என்ற அந்த ஒரு சொல்லுக்காகவே வந்து சேர்ந்தேன்.

முதல் மாதமே ஒரு கூத்து நடந்தது. அவள் வெட்டும் கிளையில் கட்டிய கயிறு, மேலே இரு கிளை பிரியும் கவை ஒன்றின் வழியாகக் கீழே வரும். மறுமுனையை நான் மரத்தடியில் சுற்றிப் பிடித்து மெல்ல இறக்க வேண்டும். மூன்று சுற்றுச் சுற்று என்றாள். நான் ஒரு சுற்று போதும் என்று நினைத்துவிட்டேன். கிளை என்னைவிடக் கனமென்று அது வெட்டுப்பட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒற்றைச் சுற்று நழுவியது. கிளை இறங்கியது, நான் ஏறினேன். லிஃப்ட் இல்லாமலே முதல் மாடி உயரத்துக்குப் போன ஒரே லிஃப்ட்காரன் நானாகத்தான் இருப்பேன். மறுநாளே கயிறு சுற்றுவதற்கென்று ஒரு இரும்பு உருளை வாங்கி மரத்தடியில் கட்ட ஆரம்பித்தோம். அதற்கு அவள் லிஃப்ட் என்றே பெயர் வைத்துவிட்டாள்.

அந்தக் கூத்துக்குக் காரணம் என் கவனக்குறைவு மட்டுமல்ல. அன்று காலையில் எங்களுக்குள் ஒரு சண்டை. அவள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது என்ற வீம்பில் இருந்தேன். அன்றைக்கே அவள் ஒரு சட்டம் போட்டாள். இடுப்புப் பட்டையை மாட்டும் முன் ஒருவரை ஒருவர் கேட்க வேண்டும்: "மனசுல ஏதாவது இருக்கா?" இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அது தீரும்வரை யாரும் வேனைவிட்டு இறங்கக் கூடாது. மேலே போகிறவளின் உயிர் கீழே நிற்பவன் கையில் இருக்கிறது, அந்தக் கையில் கோபம் இருக்கக் கூடாது என்பது அவள் கணக்கு.

நன்றாகவே நடந்துவந்தது. ஒரு தடவை என் அக்கா சொன்ன ஏதோ ஒரு சொல்லுக்காக இரண்டு மணி நேரம் வேனிலேயே உட்கார்ந்திருந்தோம். வேலைக்குக் கூப்பிட்ட வீட்டுக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டி, தூங்கிட்டீங்களா என்று கேட்டார். இல்லை சார், சண்டை போடுறோம், முடிஞ்சதும் வந்துடுறோம் என்றாள் இவள். அந்த மனுஷர் எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்பது வருஷத்தில் அந்தச் சட்டத்தை நாங்கள் ஒரே ஒரு நாள்தான் மீறினோம். அந்த நாளைத்தான் சொல்ல வந்தேன்.

பள்ளிக்கூடத்து மரம் அது. தூங்குமூஞ்சி மரம் என்று பெயர்தான், பார்த்தால் நம் தூக்கம் போய்விடும். முப்பது மீட்டருக்கு மேல் உயரம். அந்த வழியாக வேனில் போகும்போதெல்லாம் என் மனைவி கழுத்தை வெளியே நீட்டி, எந்தக் கவையில் முதல் கயிறு, எந்தக் கவையில் இரண்டாவது கயிறு என்று சொல்லிக்கொண்டே வருவாள். அடுத்தவர் வீட்டு நகையைப் பார்ப்பதுபோல ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மரத்தில் ஒரு பெரிய கிளை பட்டுப்போய், வகுப்பறைக் கூரைமேல் நீண்டு நின்றது. அதை எடுக்க வேண்டுமென்று ஒரு வியாழக்கிழமை தலைமையாசிரியை எனக்குப் போன் செய்தார். சனிக்கிழமை ஒரு நாள்தான் பள்ளிக்கூடம் காலி, அன்றே முடியுமா என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. முடியும் என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் அவளிடம் சொன்னபோது அவள் முகத்தில் முதலில் வெளிச்சம் வந்தது. ஒரே நாள் என்றதும் அது அணைந்தது. "ரெண்டு நாள் வேலை அது. ஏறுறது நானு, நாள் குறிக்கிறது நீங்களா?" என்றாள்.

வேலையில் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் நீ, வா, போ என்றுதான் பேசுவோம். அவளுக்குக் கோபம் வந்தால் மட்டும் மரியாதை வந்துவிடும். நீங்க என்று ஆரம்பித்தால் நான் உஷாராகிவிடுவேன். அன்று நான் உஷாராகவில்லை. பதிலுக்குப் பதில் பேசினேன். ஆறு வருஷமாக அந்த மரத்துக்காக வாயைப் பிளந்தது யார் என்று கேட்டேன். அதோடு பேச்சு நின்றது.

இதில் யாருக்கும் தெரியாத இன்னொரு சங்கதி இருந்தது. அதற்கு முந்தின நாள், புதன்கிழமை, கீழே விழுந்த துண்டுகளை நான் மோட்டார் ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தேன். இலைக் குவியலுக்கு அடியில் அவளுடைய ஏறு கயிற்றின் வால் கிடந்தது. ரம்பம் அதை நக்கிவிட்டது. பல் பட்ட கயிறு செத்த கயிறு. பட்ட இடத்தில் துண்டித்தேன், லைட்டரைக் காட்டி நுனியை உருக்கினேன். அறுபது மீட்டர்க் கயிற்றில் பன்னிரண்டு மீட்டர் போய்விட்டது. கயிற்றின் கடைசியில் அவள் எப்போதும் ஒரு தடித்த முடிச்சுப் போட்டு வைத்திருப்பாள். இறங்கும்போது தப்பித்தவறிக் கயிறு தீர்ந்துபோனாலும் அந்த முடிச்சு அவளைத் தாண்டிப் போகவிடாது. அந்த முடிச்சும் அந்தப் பன்னிரண்டு மீட்டரோடு குப்பைக்குப் போனது. புதிதாக முடிச்சுப் போட எனக்கு அப்போது தோன்றவே இல்லை. வியாழன் சாயங்காலம் சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். வியாழன் சாயங்காலம்தான் அந்தச் சண்டை. இனி அவளே முதலில் பேசட்டும் என்று நினைத்தேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

சனிக்கிழமை காலை பள்ளிக்கூடத்து வாசலில் வேனை நிறுத்தினேன். கேட்க வேண்டுமே என்பதற்காக அவள் கேட்டாள்: "மனசுல ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமில்ல. உனக்கு?"

"எனக்கும் ஒண்ணும் இல்லீங்க."

இல்லீங்க! எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். வழக்கமாக அவள் கயிறு முழுவதையும் பையிலிருந்து உருவி, கை மாற்றிக் கை தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவாள். அன்று பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கயிறு பார்த்தாச்சா என்று மட்டும் கேட்டாள். பார்த்தாச்சு என்றேன். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் மூச்சு வாங்குகிறது. சிறிய பை ஒன்றில் ஈயக் குண்டு நிரப்பி, மெல்லிய நூல்கயிறு கட்டி, அதை முதல் கவைக்கு மேலாக எறிந்து, அந்த நூலோடுதான் ஏறு கயிற்றை மேலே இழுக்க வேண்டும். பதினெட்டு மீட்டர் உயரம். நான் எறிந்திருந்தால் வகுப்பறை ஜன்னல் போயிருக்கும். அவள் காலை அகட்டி நின்று, பையைத் தொடைகளுக்கு நடுவே இரண்டு ஆட்டு ஆட்டி விட்டாள். முதல் எறியிலேயே பை கவையைத் தாண்டி மறுபக்கம் இறங்கியது! வாட்ச்மேன் கைதட்டினார். எதிர் அடுக்குமாடியில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தது. சண்டையை மறந்து நானும் கைதட்டிவிட்டு, ஞாபகம் வந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

அவள் ஏறுவதைப் பார்க்க வேண்டும். உடம்பில் எலும்பே இல்லாதவள்போல இருப்பாள். முதல் கவைக்குப் போய், அங்கிருந்து கயிற்றை மாற்றி அடுத்த கவை, அதற்கும் மேலே உச்சிக் கவை. இருபத்தொன்பது மீட்டர். அங்கே கயிற்றைப் போட்டுக்கொண்டு, பட்டுப்போன கிளையின்மேல் நடந்து அதன் நுனிக்கே போனாள். கீழேயிருந்து பார்த்தால் அவளுடைய மஞ்சள் கவசம் ஒரு பூ மாதிரிதான் தெரிந்தது. நுனியிலிருந்து தண்டை நோக்கித் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு துண்டும் கயிற்றில் தொங்கி, கூரைக்கு ஒரு கை மேலே ஆடி நின்று, என் உருளையைச் சுற்றி மெல்ல மெல்ல இறங்கியது. எனக்கு வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக்கூட ஒரு கையை விட முடியாது. அவள் மேலே இடது கையை நீட்டினால் நான் நிறுத்த வேண்டும், ஆட்டினால் விட வேண்டும். பேச்சே தேவையில்லை. இரண்டு நாளாக முகம் பார்க்காதவர்கள் அன்று ஐந்து மணி நேரம் ஒரே ஆளாக வேலை செய்தோம்.

கடைசித் துண்டுதான் அரை டன். அதற்கு நான்கு சுற்றுப் போட்டேன். ரம்பம் உறுமியது, நின்றது. கிளை ஒரு முறை முனகிவிட்டுப் பிரிந்து, என்னை ஓர் அடி முன்னால் இழுத்து, பிறகு என் பேச்சைக் கேட்டது. அது வகுப்பறைக்கும் சுவருக்கும் நடுவே வந்து படுத்தபோது கூரையில் ஒரு ஓடுகூட அசையவில்லை. ஜன்னல்களிலிருந்து சீட்டியும் கூச்சலும் கிளம்பின. தலைமையாசிரியை வாட்ச்மேனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மணி மூன்று. இரண்டு நாள் வேலையை ஒரே நாளில் முடித்துவிட்டோம்! பெருமையில் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. அந்தக் குஷியில் ஓடிப்போய்க் கிளை அரைக்கும் இயந்திரத்தைப் போட்டேன். போட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது.

சிறு கிளைகளை அள்ளி அதன் வாயில் திணித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். அவள் இறங்க ஆரம்பித்திருந்தாள். வேலை முடிந்த மகிழ்ச்சியில் வேகமாகத்தான் இறங்குவாள், குழந்தை சறுக்குமரத்தில் இறங்குவதுபோல. அவளுடைய கயிறு இரட்டையாக ஓடும். ஒரு முனை அவள் இடுப்பிலிருந்து உச்சிக் கவைக்குப் போய், திரும்பி வந்து, இடுப்பில் இருக்கும் பிடிமுடிச்சு வழியாகக் கீழே தொங்கும். அவள் ஒரு மீட்டர் இறங்கினால் இரண்டு மீட்டர் கயிறு செலவாகும். மீதிக் கயிறு மரத்தடியில் பையில் கிடக்கும். அந்தப் பையைப் பார்த்தேன். பை காலியாக, ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கயிற்றின் வால் தரையில் ஊர்ந்து, நிமிர்ந்து, தரையைவிட்டு எழுந்தது.

உருகிய நுனி தெரிந்தது. முடிச்சு இல்லை. அவள் மூன்று மாடி உயரத்தில் இருந்தாள். இன்னும் ஐந்து மீட்டர் இறங்கினால் கயிறு அவள் இடுப்பிலிருந்து உருவிக்கொண்டுவிடும். அவளுக்கு நேர் கீழே நான் அடுக்காமல் போட்டு வைத்த மரத்துண்டுகள்.

கத்தினேன். எனக்கே கேட்கவில்லை. அவள் மரத்தைப் பார்த்துக்கொண்டு, வெட்டிய காயத்தை ரசித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தாள். கயிற்றின் வால் என் இடுப்புக்கு வந்தது, தலைக்கு மேலே போயிற்று. எப்படி ஓடினேன், எந்தத் துண்டின்மேல் ஏறினேன் என்று தெரியாது. உயரத்துக்குப் பயந்தவன் என்பதெல்லாம் மறந்துபோனது. தாவினேன். முதல் தாவலில் விரல் நுனி பட்டு வழுக்கியது. இரண்டாம் தாவலில் இரண்டு கையாலும் பிடித்துவிட்டேன்.

வாலைக் கீழே பிடித்தால் மேலே ஆள் இறங்க முடியாது. அவள் வெடுக்கென்று நின்றாள். குனிந்து பார்த்தாள். மரத்துண்டுக் குவியலின் உச்சியில், கயிற்றில் பாதி தொங்கிக்கொண்டு, பல்லாலும் ஒரு கையாலும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த தன் புருஷனைப் பார்த்தாள். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று முடிச்சுப் போட்டேன். யாரோ புத்திசாலி, வாட்ச்மேனாக இருக்கும், இயந்திரத்தின் சாவியைத் திருப்பிவிட்டார். சட்டென்று அப்படி ஒரு அமைதி.

அவள் காதுக் கவசத்தைத் தள்ளிவிட்டாள். கயிறு ஏன் தீர்ந்தது என்று கேட்பாள், கன்னாபின்னாவென்று திட்டுவாள் என்று காத்திருந்தேன். இரண்டு மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டு அவள் கேட்டாள்: "மனசுல ஏதாவது இருக்கா?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். தலைமையாசிரியை, வாட்ச்மேன், அத்தனை ஜன்னல்களும். நான் அண்ணாந்து பார்த்து, தொண்டை கிழியச் சொன்னேன். "இருக்கு. புதன்கிழமை உன் கயித்துல ரம்பம் பட்டுடுச்சு. வெட்டிட்டேன். முடிச்சும் அதோட போச்சு. உங்கிட்ட சொல்லல."

"இன்னும்?"

"உன்னைக் கேக்காம நாள் குடுத்தது என் தப்பு."

"இன்னும்?"

இன்னும் என்ன? யோசித்தேன். அது யோசிக்காமலே வந்தது. "தினமும் பயமா இருக்கு. நீ மேல இருக்கும்போது தினமும். ஒன்பது வருஷமா."

அவள் காலை உதைத்து ஊஞ்சலாடித் தண்டைப் பிடித்தாள். இடுப்பு வாரால் மரத்தோடு தன்னைக் கட்டிக்கொண்டு, கயிற்றை இழுத்துத் தாழ்ந்த ஒரு கவையில் மாற்றிப் போட்டு, நிதானமாக, ஒரு கையால் இடுப்புப் பிடிமுடிச்சைத் தடவியபடி இறங்கி வந்தாள். தளர்த்திப் பிடித்திருந்த கயிற்றை அவள் கால் தரையில் பட்டபோதுதான் நான் விட்டேன். ஜன்னல்களில் மறுபடியும் கைதட்டல். தலைமையாசிரியை, உங்கள் மனைவியை விட்டுவிட்டு உங்களுக்குக் கைதட்டுகிறார்கள் என்றார். அவர் சொன்னது கேலியா பாராட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சாமான்களை ஏற்றிவிட்டு வேனில் உட்கார்ந்தோம். சாவியைத் திருப்பப் போனேன். என் கைமேல் அவள் கையை வைத்தாள். சட்டம் சட்டம்தானே, இன்னொரு ஆள் இன்னும் சொல்லவில்லையே என்று எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கேட்டேன்.

"காலையில பையைத் தூக்கினேன்ல," என்றாள், மடியில் கிடந்த பையைப் பார்த்துக்கொண்டு. "லேசா இருந்துச்சு. என்னவோ பண்ணியிருக்கன்னு தெரிஞ்சுது. நீயா சொல்லுவன்னு பாத்தேன். சொல்லல. சரி போன்னு ஏறிட்டேன். வேலை முடிஞ்ச சந்தோஷத்துல அதை மறந்தே போனேன்."

ஒன்பது வருஷமாக அவள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது என் கைதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கையிலும்தான் அது இருந்திருக்கிறது, அன்று அந்தக் கையிலும் கோபம் இருந்திருக்கிறது.

அவள் பையிலிருந்து கயிற்றின் வாலை எடுத்து என் கையில் கொடுத்து, முடிச்சை அவிழ்க்கச் சொன்னாள். சரியான முடிச்சாக ஒன்று போட வேண்டுமாம். இருவரும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். நகம்தான் உடைந்தது. அவிழவில்லை. அது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.